வளர்ப்பே உரிமை: தேசவழமையில் தாயைக் குறித்த ஒரு பிரிவும் அதன் பொருளும்

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத் தொகுப்பாகிய தேசவழமையை ஆராய்ந்தோருள் பலர், அந்நூலில் சீதனம் தாயிடமிருந்து மகளுக்கும் பரம்பரை ஆதனமாகிய முதுசொம் தந்தையிடமிருந்து மகனுக்கும் செல்லுமென்று கூறப்பட்டிருத்தலையும், தந்தை முன்னிறந்தவிடத்து ஆதனம் முழுவதும் தாயிடத்தே தங்குமென்று விதிக்கப்பட்டிருத்தலையும் ஒருங்குவைத்து நோக்கி, இவை பண்டைத் தாய்வழி முறையின் எச்சங்கள் என்றும், ஆதலின் யாழ்ப்பாணத்துத் தாய் குடும்பத்தில் மேலான அதிகாரம் உடையவளாய் விளங்கினாள் என்றும் முடிவு கட்டினர். இம்முடிவு நூல்தோறும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, ஈற்றில் நிரூபணம் வேண்டாத உண்மை போல நிலைபெற்றுவிட்டது. தாய்வழி முறை ஒருகாலத்தில் இங்கு வழங்கியதா என்னும் பெரிய வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை. தாயிடம் ஆதனம் தங்கும் என்ற பிரிவு அதற்குப் பிரமாணமாகாது என்பதும், அப்பிரிவு உணர்த்தும் நியாயம் வேறொன்று என்பதும், அந்நியாயத்தை மறந்தமையால் இன்றைய தாய்மார் பெருந்துன்பம் எய்துகின்றனர் என்பதுமே இங்கு நிறுவப்படுவன.

மூலத்தின் தன்மையை முதலில் மனங்கொள்ள வேண்டும். ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடித்த இத்தொகுப்பு, தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டு அவர்களின் ஒப்புதலைப் பெற்றது. 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் ஆங்கிலேயரும் அதற்குச் சட்டவலிமை அளித்தனர். தொகுத்தவர் நியாயம் வழங்கவேண்டியிருந்த ஒல்லாந்த உத்தியோகத்தர்; சரிபார்த்தவர் நிலமும் அடிமைகளும் உடைய ஆடவர். தாய்மாரின் அநுபவம் அந்நூலில் நேரே பதிவாகவில்லை. ஆகவே அதன் சொற்களிலிருந்து அக்காலக் குடும்ப வாழ்வை முழுமையாக வருவித்துவிடலாம் என்று துணிதல் தகாது. எனினும் ஒரு சட்டநூல் எந்தக் காரணத்தைக் காட்டி எந்த உரிமையை வழங்குகின்றது என்பதை அதன் அமைப்பிலிருந்தே அறியலாம். அந்த எல்லைக்குள் நின்றே நான் பேசுகின்றேன்.

பிரிவின் சாரம் இது. தந்தை சிறுபிள்ளைகளை விட்டு முன்னிறந்தால், ஆதனம் முழுவதும் தாயிடத்தே இருக்கும்; ஆனால் அவனுக்குப் பிறந்த பிள்ளைகளை அவள் தன்னோடு வைத்து வளர்க்கவேண்டும். பெண்பிள்ளைகளை விவாகஞ் செய்து கொடுக்கும்போது அவர்களுக்குச் சீதனம் கொடுக்கும் கடமையும் அவளுடையதே. ஆண்பிள்ளைகளோ தாய் உயிரோடிருக்கும்வரை எதனையும் கேட்டல் ஆகாது. முன்னை ஆய்வாளர் இதன் முதல் வாக்கியத்தையும் இறுதி வாக்கியத்தையும் பற்றிக்கொண்டனர். தாய் ஆதனத்தை ஆள்கின்றாள், மக்கள் அவளுக்கு அடங்கி நிற்கின்றனர் என்று கண்டனர். நடுவே நிற்கும் நிபந்தனையை வெறும் துணைவாசகமாகக் கடந்து சென்றனர். என் வாசிப்பில் அந்நிபந்தனையே பிரிவின் அச்சு. இரத்த உறவினாலோ தாய்வழி மரபினாலோ ஆதனம் அவளிடம் வரவில்லை. வளர்க்கும் பாரம் அவள்மேல் விழுந்தமையால் வருகின்றது. வளர்த்து முடிக்கும்வரை வைத்திருக்கவும், வளர்ந்த மகளுக்குப் பிரித்துக் கொடுக்கவுமே அது அவள் கையில் ஒப்படைக்கப்படுகின்றது.

இவ்வாசிப்பை உறுதிசெய்வது அதனையடுத்துத் தந்தையைப் பற்றி வரும் ஏற்பாடு. தாய் முன்னிறந்தால் தந்தை மறுவிவாகஞ் செய்யாதிருக்குங்காறும் அவளைப் போலவே ஆதனத்தை வைத்திருக்கலாம். அவன் மறுவிவாகத்தை நாடினாலோ, பெரும்பாலும் பேர்த்தியாராவது (பாட்டியாராவது) நெருங்கிய உறவினராவது பிள்ளைகளை ஏற்று வளர்ப்பர். அப்பொழுது இறந்த மனைவி கொண்டுவந்த ஆதனம் முழுவதையும், அவ்விவாக காலத்திற் சம்பாதித்த ஆதனமாகிய தேடியதேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளோடு சேர்த்து அவன் ஒப்படைக்கவேண்டும். இங்கே ஆதனம் தாய்வழியைப் பின்பற்றுகின்றதா, தந்தைவழியைப் பின்பற்றுகின்றதா என்ற கேள்வியே பொருளற்றுப் போகின்றது. பிள்ளை எந்த வீட்டுக்குச் செல்கின்றதோ அந்த வீட்டுக்கு ஆதனமும் செல்கின்றது. தாய் வளர்த்தால் தாயிடம்; தந்தை வளர்த்தால் தந்தையிடம்; பேர்த்தியார் வளர்த்தால் பேர்த்தியாரிடம். தாய்வழி எச்சம் என்ற கொள்கை முதல் ஏற்பாட்டுக்கு ஒருவாறு பொருந்தலாம். மூன்றுக்கும் ஒருங்கே பொருந்துவது வளர்ப்பு என்னும் காரணம் ஒன்றே.

இதற்கு மாறாக நன்கொடை பற்றிய பகுதியை எடுத்துக்காட்டுவோர் உண்டு. கணவன் தன் முதுசொத்திற் பத்திலொரு பங்கை மனைவி மக்களின் சம்மதமின்றிக் கொடுக்கலாம் என்றும், மனைவி கணவனின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவளாதலின் அவன் சம்மதமின்றி எதனையும் கொடுத்தலாகாது என்றும் அங்கே விதிக்கப்பட்டிருத்தல் உண்மையே. தாயின் அதிகாரத்தைப் புகழ்ந்த ஆய்வாளர் இதனை ஒதுக்கிவிட்டனர். அதனை மறுத்தவரோ இதனையே நூல் முழுவதன் கருத்தாகக் கொண்டனர். இரு சாராரும் கவனியாத செய்திகள் இரண்டு. முதலாவது, அவ்விதி தானமாகக் கொடுத்தலைப் பற்றியது. பிள்ளைகளின் சீவனத்துக்காக விற்றலையோ ஈடுவைத்தலையோ அது பேசவில்லை. இரண்டாவது, அவ்விதி கணவனையும் கட்டுகின்றது. பத்திலொரு பங்குக்கு மேல் அவனும் தன் மனம்போனபடி கொடுத்துவிட முடியாது. இருவருக்கும் விதித்த கட்டுகள் சமமானவையல்ல. மனைவியின் கட்டு பன்மடங்கு இறுக்கமானது. ஆயினும் ஆதனம் பிள்ளைகளுக்காகக் காக்கப்படவேண்டியது என்ற எண்ணம் இரு கட்டுகளிலும் உண்டு.

இவ்வெண்ணம் பிளவுபட்டமையை எழுத்திற் காட்டுவது 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரித்துரிமைக் கட்டளைச் சட்டம். விவாகமான பெண்ணின் சீதனத்தை அவளது தனி ஆதனமாக அது ஒப்புக்கொண்டது. அது ஒரு முன்னேற்றமே. ஆனால் அசையாத ஆதனத்தை அவள் உயிரோடிருக்கையில் விற்கவோ ஈடுவைக்கவோ நன்கொடையாக்கவோ கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. கணவனுக்கோ தன் தனி ஆதனத்தைப் பற்றிப் பூரண அதிகாரம் அளித்தது. மனைவியின் சம்மதம் அவனுக்கு வேண்டியதில்லை. ஒல்லாந்தர் காலத்து நூலில் தானத்தளவில் நின்ற பெண்ணின் கட்டு எல்லாக் கைமாற்றத்துக்கும் விரிந்தது. ஆணின் கட்டு அவிழ்ந்தது. 1947ஆம் ஆண்டுத் திருத்தம் தேடியதேட்டத்தை மறுபடி வரையறுத்ததேயன்றி இதனைத் தீண்டவில்லை. ஆகவே இன்றுள்ள சம்மத விதியைப் பண்டைய வழமை என்று போற்றுவோர் இருபதாம் நூற்றாண்டின் ஒரு சட்டவாசகத்தையே போற்றுகின்றனர்.

இது நூலகத்தோடு முடியும் தர்க்கமன்று. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தையும் அதன் அயற்கிராமங்களையும் எடுத்துக்கொள்வோம். சந்தைக்கு மரக்கறி கொண்டுவந்தும், தையல் தைத்தும், ஆசிரியத் தொழில் பார்த்தும் பிள்ளைகளை ஆளாக்கும் தாய்மாருள், கணவன் யுத்தத்திற் காணாமற்போனவளும், கணவன் கடல்கடந்து சென்று தொடர்பறுத்தவளும், வீட்டிலிருந்தும் பொறுப்பேற்காத கணவனை உடையவளும் உளர். அவர்களிற் பலருக்கு இருக்கும் ஒரே பொருள் தாய் தந்தையர் சீதனமாக எழுதிக்கொடுத்த வளவும் வீடுமே. மகளின் பல்கலைக்கழகச் செலவுக்கோ, மகனின் வைத்தியத்துக்கோ, சிறுகைத்தொழில் ஒன்றுக்கு வேண்டிய முதலுக்கோ அக்காணியை ஈடுவைக்க நினைத்தால், உறுதி அவள் பெயரில் இருந்தும் நொத்தாரிசும் வங்கியும் கணவனின் கையொப்பத்தையே கேட்கின்றன. வெளிநாட்டில் இருப்பவன் மனம்வைத்தால் சம்மதத்தையோ அற்றோணித் தத்துவத்தையோ எழுதி அனுப்பலாம். மனம்வைக்காதவனுடைய மௌனமே தடையுத்தரவாகின்றது. விவாக காலத்தில் உழைப்பால் அவள் தேடிய ஆதனமோ தேடியதேட்டமாகி, வளர்ப்பிற் பங்குகொள்ளாதவனுக்கும் பாதி உரியதாகின்றது.

காணாமற்போனவனின் மனைவிக்கு நேர்வது இன்னுங் கொடிது. கணவன் இறந்தான் என்று பதிவுசெய்தால் அவன் சம்மதம் தேவைப்படாது. அதற்கென 2010ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தற்காலிகச் சட்டமும் உண்டு. ஆனால் அவன் எங்கோ உயிரோடிருக்கின்றான் என்று நம்பி, அவனைத் தேடித் தெருவில் நின்று நியாயங்கேட்கும் ஒருத்தியை, உன் காணியை நீ ஈடுவைக்க வேண்டுமாயின் அவன் இறந்தான் என்று ஒப்பமிடு என்று சொல்லுதல் எவ்வகை நீதி? 2016இல் வந்த திருத்தம் மரணத்தைக் கூறாது, காணாமற்போனமையை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு வழிசெய்தது. அது ஓரளவு ஆறுதலே. ஆயினும் அச்சான்றிதழ் சம்மத விதியை நீக்கவில்லை; விதி தன்னிடத்திலேயே இருக்கின்றது.

கணவன் கைவிட்டாலும், இருப்பிடம் தெரியாதிருந்தாலும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலும் மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறலாம் என்று அதே 1911ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றதே என்பர். கூலிநாளை இழந்து, சட்டத்தரணிக்குப் பணங்கட்டி, தன் குடும்பத் துயரத்தை மன்றிற் சொல்லி, தன் சொந்தக் காணிக்குத் தானே மனுதாரராக நிற்பது பரிகாரமாகாது; அது தண்டனையின் மறுவடிவம். பெண்களை ஏமாற்றிக் காணி பறிப்போரிடமிருந்து இவ்விதி காக்கின்றது என்ற வாதத்துக்கும் நீண்ட மறுமொழி வேண்டியதில்லை: ஏமாறுதல் பெண்ணுக்கே உரிய குணமன்று, ஆணைக் காக்க அத்தகைய விதி இல்லை.

சீதனத்தினடியாக எழுந்த உரிமையைப் பேசுதல் சீதனக் கொடுமையை ஆதரிப்பதாகாதா என்ற ஐயம் அவற்றினும் கனமானது. மகளுக்குச் சீதனம் தேடும் கடன் தாயின் தலையிலேயே ஏற்றப்பட்டிருத்தலை மேற்காட்டிய பிரிவே வெளிப்படுத்துகின்றது. தாய்க்கு அப்பிரிவு அளித்தது அதிகாரமன்று, பொறுப்பு என்று நான் கூறுவதற்கு அதுவும் ஒரு காரணம். சீதனக் கடன் ஒழியவேண்டியதே. ஆனால் கடன் நீடிக்கையில் கடனைத் தீர்க்கும் உரிமையை மட்டும் பறித்து வைத்தலினும் பெரிய முரண் இல்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதினாறாம் உறுப்புரை, அதற்கு முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்று கூறுவதால், சமத்துவத்தின் பெயரால் இவ்விதியை நீதிமன்றத்தில் வீழ்த்துதல் இயலாது, சட்டசபையே திருத்தவேண்டும். திருத்தத்தை எதிர்ப்போர் வழமையைக் காக்கின்றோம் என்பர். அவர்களுக்கு நான் கூறும் விடை அவ்வழமைக்குள்ளேயே இருக்கின்றது: பிள்ளையை வளர்ப்பவர் கையில் ஆதனம் இருக்கவேண்டும் என்று 1707ஆம் ஆண்டின் தொகுப்பே விதித்தது. சம்மத விதியை நீக்குதலும், தனித்து வளர்க்கும் தாய்க்குத் தேடியதேட்டத்தை நிர்வகிக்கும் பூரண உரிமையை அளித்தலும் அந்நியாயத்தை நடைமுறையாக்கும். கணவன் பெயரால் எழுந்த கட்டு நீங்கினால் தேசவழமை சிதையாது. அதன் உள்ளே கிடந்த நியாயமே சட்டமாகும்.