கடல் உள்வாங்கும் நேரம்

ஐப்பசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு நாளாகக் கொட்டிய மழை விட்டிருந்தது. மொபைலில் டைட் டேபிள் பார்த்து, தண்ணி இறங்கும் நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி கூடுவாஞ்சேரியிலிருந்து பைக்கை எடுத்தேன். வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர், மாமல்லபுரம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையோரமாக நடக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

யூட்யூபில் பார்க்கிற மாதிரி நம் கரையில் கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்னால் போகாது. குஜராத்தின் பவநகரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பத்து மீட்டர் வரை வித்தியாசம் வரும். இங்கே அமாவாசை, பௌர்ணமியில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான். அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் கடல்மட்டமே மற்ற மாதங்களைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்கும். ஆகவே எனக்குக் கிடைத்தது ஒரு ஈர மணல்பட்டை, பாசி பிடித்த நாலைந்து பாறைகள், அவற்றில் ஒட்டிக்கிடந்த கொட்டலசு, காலடிச் சத்தம் கேட்டதும் வளைக்குள் ஓடிய நண்டுகள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆனால் இந்த ஊரில் தண்ணி இறங்குகிற இடத்தை யாரும் சும்மா பார்ப்பதில்லை. வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1772இலும் 1776இலும் இங்கே வந்தார். அவர் எழுதிய கட்டுரை 1788இல் 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வெளியானது. மாலுமிகள் இந்த ஊரை 'ஏழு கோயில்கள்' என்று அழைத்ததையும், கடலுக்குள் செப்புத் தகடு போர்த்திய கோபுர உச்சிகள் சூரிய உதயத்தில் மின்னியதாக ஊர்ப் பெரியவர்கள் சொன்னதையும் அதில் பதிவு செய்தார். கூடவே ஒரு கதையும் உண்டு. நகரத்தின் அழகைப் பார்த்துத் தேவர்களுக்குப் பொறாமை வந்தது. இந்திரன் சொல்லி, கடல் ஊரை விழுங்கியது.

2002 ஏப்ரலில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தின் ஒரு ஆய்வுக் குழுவும் சேர்ந்து கடலுக்குள் இறங்கின. கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில், மனிதர் செதுக்கிய கற்களும் சுவர்களின் எச்சங்களும் இருப்பதாகச் சொன்னார்கள். பொன் கோபுரம் எதுவும் அகப்படவில்லை.

அதற்கு இரண்டரை வருடம் கழித்து, 2004 டிசம்பர் 26, இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலநடுக்கம். ஒன்பது மணியளவில் அலை நம் கரைக்கு வந்தது. இங்கே அலை ஏறுவதற்கு முன் கடல் வெகுதூரம் உள்வாங்கியதாகவும், அதுவரை பார்த்திராத கல்வரிசைகள் தெரிந்ததாகவும் பார்த்தவர்கள் சொன்னார்கள். டைட் டேபிளில் இல்லாத வற்றம் அது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் எட்டாயிரம் பேர் இறந்தார்கள்.

அலை போன பிறகு மணல் இடம் மாறியிருந்தது. சிங்கம் செதுக்கிய பாறை ஒன்று வெளியே வந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், புலிக்குகைக்குப் பக்கத்திலேயே, ஒரு பாறையில் கல்வெட்டு தென்பட்டது. சுப்பிரமணியர் கோயிலுக்குக் கொடுத்த கொடையைப் பற்றிய கல்வெட்டு. அப்படியானால் கோயில் எங்கே? 2005இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. பல்லவர் காலத்துக் கல் கட்டுமானம் வந்தது. அதற்கும் கீழே, வடக்கு நோக்கிய செங்கல் கோயில் ஒன்று வந்தது. சங்க காலத்தது என்றார்கள்.

பைக்கை அங்கேதான் நிறுத்தினேன். வேலிக்குள், தரைமட்டத்துக்குக் கீழே, செங்கல் அடுக்கு அடுக்காகத் தெரிகிறது. அகழாய்வில் கிளிஞ்சல் கலந்த கடல்மணல் படிவுகள் கிடைத்தன. பழைய ஆழிப்பேரலைகள்தான் இந்தக் கோயிலை அழித்திருக்க வேண்டும் என்று தோண்டியவர்கள் கருதினார்கள். அது சரியென்றால், இதே கரையில் இது முன்பே நடந்திருக்கிறது. மணலுக்கு நினைவிருந்தது. நமக்குத்தான் இல்லை.

சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமலுவே என்றொரு தீவு. 1907இல் அங்கே ஒரு ஆழிப்பேரலை ஏராளமானவர்களைக் கொன்றது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லிவைத்தார்கள். பூமி பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால், மீன் பொறுக்கப் போகாதே, மலைக்கு ஓடு. 2004இல் அந்தத் தீவில் சுமார் 78,000 பேர் இருந்தார்கள். அலைக்கு இறந்தவர்கள் ஏழு பேர்.

எங்கள் ஆபீசில் சர்வர் விழுந்தால் மறுநாள் ஒரு குறிப்பு எழுத வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த முறை யார் என்ன செய்ய வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மேனேஜர் திருப்பி அனுப்பிவிடுவார். நம் இந்திரன் கதையில் முதல் இரண்டும் இருக்கின்றன. கடல் வந்தது, பொறாமையால் வந்தது. மூன்றாவது இல்லை. சிமலுவே ஜனங்கள் மூன்றாவதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

நம்மைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு நூறு வருடத்துக்குள் திரும்பி வந்தது. இங்கே நிலம் ஆடியதே பலருக்குத் தெரியாது. அலை கிளம்பி இங்கே வந்துசேர இரண்டரை மணி நேரம் ஆனது, ஆனால் அந்த நேரத்தில் கரைக்குத் தகவல் சொல்ல ஆளும் இல்லை, ஏற்பாடும் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது.

வெயில் ஏறியதும் கரைக்குத் திரும்பினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "தண்ணி எப்பண்ணே ஏறும்?" என்றேன்.

"மதியத்துக்கு மேல ஏறிடும் தம்பி. அதுக்குள்ள பாத்துட்டுப் போயிடு."

பாறைப் பக்கம் ரெண்டு பொடியன்கள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் 2004க்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவர்கள். கூப்பிட்டு நண்டு காட்டச் சொன்னேன். காட்டினார்கள். சிமலுவே கதையைச் சொன்னேன். பாதியிலேயே ஒருத்தன், "தெரியும்ணா. கடல் உள்ள போச்சுன்னா ரோட்டுக்கு ஓடியாரணும். ஆயா சொல்லிருக்கு" என்றான்.

மீதிக் கதையை நான் சொல்லவில்லை. அவன் திரும்பவும் நண்டு பிடிக்கப் போய்விட்டான்.