இரு மொழி அறிந்த சிறு பலகை

கணினி ஒன்று பழுதுற்று நின்றுவிட்டால், அதில் எழுதி வைத்தவை யாவும் அழிந்தன என்று மனமுடைவோர் பலர். பெரும்பாலும் அது வீண் கலக்கமே. கெட்டது தாய்ப்பலகையாகவோ திரையாகவோ இருக்கலாம்; எழுத்துகளைச் சுமக்கும் ஹார்ட் டிஸ்க் நலமாக இருக்கக்கூடும். ஆயினும் அதனைக் கழற்றி, வேறொரு கணினியின் யு.எஸ்.பி. வாயிலில் நேரே செருக இயலாது. இடையே அடாப்டர் என்னும் சிறு கருவி வேண்டும்.

1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க் 50 தட்டுகள் கொண்டது; எடை ஏறத்தாழ ஒரு டன்; அது தாங்கியதோ 50 லட்சம் எழுத்துகளே. அதைக் கழற்றிக் கையோடு கொண்டு செல்லும் எண்ணம் யாருக்குத்தான் உதிக்கும்! 1980-இல் சீகேட் நிறுவனம் ஏறக்குறைய அதே கொள்ளளவை மேசைக் கணினிக்குள் அடங்குமாறு சுருக்கிற்று. சில ஆண்டுகளில் ஐ.டி.இ. என்னும் இணைப்பு முறை தோன்றியது. 40 முனைகள், 16 பிட்டுகள் அணிவகுத்து ஒருங்கே செல்லும். அது முற்றிலும் பெட்டிக்குள் வாழ்வதற்கென்றே பிறந்தது.

வெளிக்கருவிகளுக்கென யு.எஸ்.பி. 1996-இல் வந்தது. அதை வகுத்தோருள் முதன்மையானவர், பரோடாவில் பயின்ற அஜய் பட். இவ்வழியில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லும். 2003-இல் வந்த சாட்டாவும் ஒற்றை வரிசை முறைதான். ஆனால் நடை ஒத்திருந்தாலும் பேச்சு ஒத்துவரவில்லை.

இங்கேதான் எனக்கு வியப்பளிக்கும் செய்தி உள்ளது. யு.எஸ்.பி. வழியே சேமிப்புக் கருவிகளுக்குச் செல்லும் கட்டளைகள், 1986-இல் தரப்படுத்தப்பட்ட ஸ்கஸி என்னும் பழைய முறையின் சொற்களே. டிஸ்க் அறிந்ததோ ஏ.டி.ஏ. என்னும் வேறு மொழி. அடாப்டரில் உள்ள சில்லு உறையைப் பிரித்து, கட்டளையை மொழிபெயர்த்து டிஸ்கிடம் கூறுகிறது. விடையைத் திரும்ப உறையிலிட்டு அனுப்புகிறது. நல்ல துபாஷி!

மின்சாரமும் ஒரு சிக்கல். மடிக்கணினியின் 2.5 அங்குல டிஸ்குக்கு யு.எஸ்.பி. தரும் 5 வோல்ட் போதும். 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். ஆகையால் தனி மின்னிணைப்பு தேவை. எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இதையறியாது, டிஸ்க் சுழலாதது கண்டு, மூன்றாண்டு உழைப்பும் போயிற்றென்று அழுதாள். மின்னிணைப்பைப் பொருத்தியதும் அது சுழன்றது, ஆய்வேடும் கிடைத்தது.

இணைத்தவுடன் சில வேளை, “ஃபார்மட் செய்யலாமா?” என்று கணினி கேட்கும். இசையற்க! டிஸ்க் டக்டக்கென்று ஒலித்தால் உடனே நிறுத்துக. உள்ளுறுப்பு பழுதுபட்டிருக்கக்கூடும், அதற்கு அடாப்டர் மருந்தன்று.

இன்றைய மடிக்கணினிகள் சிலவற்றில் சேமிப்புச் சில்லுகளைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து விடுகின்றனர். அவற்றில் கழற்றுதற்கு டிஸ்கும் இல்லை. மொழிபெயர்க்கத் துபாஷிக்கு வேலையும் இல்லை.