முழங்கால் தழும்பு

எனக்கு இங்கிலீஷில் முக்காலம் கற்பித்தவன் ஜான். லண்டனுக்குப் போனான், போகிறான், போவான். ஜானையும் அறியேன், லண்டனையும் அறியேன். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டேன்!

1963-ல் பிரேஸிலில் ஆங்கிகோஸ் என்ற ஊரில் பாலோ பிரெய்ரே சுமார் 300 தொழிலாளருக்கு எழுத்தறிவித்தார். அவர்கள் அன்றாடம் புழங்கிய சொற்களே பாடம். நம் புதுக்கோட்டையிலோ 1991-ல் எழுந்த அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலாராணி சுங்கத் ஊக்கத்தால், கிராமத்துப் பெண்களை எழுத்தோடு சைக்கிளும் பழகவைத்தது.

அப்படிப் பழகிய ஒருத்தி என்ன சொல்வாள்? “நேற்று விழுந்தேன்; இன்று ஓட்டுகிறேன்; நாளை தனியாகச் சந்தைக்குப் போவேன்.” முக்காலமும் வந்துவிட்டதல்லவா? இதையே இங்கிலீஷில் சொல்லிக் கொடுங்கள், சாகும்வரை மறக்கமாட்டாள்.

ஜான் மறந்துபோவான், ஐயா. முழங்கால் தழும்பு மறக்குமா?