பொம்மைச் சிப்பாயின் தலைப்பாகை

பெயரிலேயே பொம்மை ஒலிக்கும் ஊர் பொம்மசந்திரா. பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில், தொழிற்சாலைகள் மிகுந்த இவ்விடத்தில், பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. நவராத்திரி வந்தால் இங்கும் கொலுப்படி எழுகிறது. செட்டியார் பொம்மைக்கு அருகில் சில வீடுகளில் செஞ்சட்டைச் சிப்பாய் ஒருவனும் நிற்கிறான். 'இவன் எந்தப் படையைச் சேர்ந்தவன்?' என்று குழந்தை கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்?

மேனாட்டார் சிலர் இவ்வினாவை ஒரு கைவினையாகவே வளர்த்துள்ளனர். போர் விளையாட்டுக்கென ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரத்தில் வார்க்கப்படும் பொம்மைகளை வாங்கி, பழைய படைகளின் உடைக்கு அவற்றை மாற்றுகின்றனர். நார்வே போன்ற சிறு நாட்டின் வீரனை உருவாக்க, வேற்று நாட்டுப் பொம்மையின் தலையை அறுத்தெடுத்து, வேறொரு தலையைச் சிறு கம்பியால் பொருத்தி, இடைவெளியைப் பசைமண்ணால் அடைத்து, வண்ணம் தீட்டுகின்றனர். நார்வே அரசரின் காவற்படை 1860-இல் இத்தாலியின் பெர்சாலியேரி வீரரைப் பின்பற்றி இறகுத் தொப்பியை ஏற்றது. ஆகவே அக்காவலனுக்கு இத்தாலியப் பொம்மையின் தலை உதவும். ஆளை அடையாளம் காட்டுவது தலையணியே என்பது இக்கைவினையின் முதற்பாடம்.

இப்பாடத்தை நம் முன்னோர் குருதி சிந்திக் கற்றனர். கும்பெனியாரின் சென்னைப் படைக்குத் தளபதியாயிருந்த ஜான் கிராடக் காலத்தில், 1805 நவம்பரில், புதிய விதிகள் பிறந்தன. அணிவகுப்பில் சமயக் குறி கூடாது. தாடியை மழிக்க வேண்டும். தோலாலான சின்னம் பதித்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். அது ஐரோப்பியத் தொப்பியை ஒத்திருந்தமையால், தம்மை மதம் மாற்றவே இவ்வேற்பாடு என்று இந்துக்களும் முஸ்லிம்களும் ஐயுற்றனர். மறுத்தவர் சிலர் 1806 மே மாதத்தில் கசையடி பெற்றனர்.

1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். திப்புவின் மைந்தர் அங்கே காவலில் இருந்தமையும், வேறு மனக்குறைகளும் அந்நெருப்புக்கு நெய்யாயின. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி விரைந்து வந்து கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். அதன்பின் அவ்விதிகள் கைவிடப்பட்டன. 1807-இல் கிராடக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திருப்பியழைக்கப்பட்டனர்.

தலையணியின் பெருமையை அறியப் பொம்மசந்திராவாசிகள் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1780-இல் தோன்றிய சென்னைப் பொறியாளர் படையின் தலைமையிடம் பெங்களூர் அல்சூர் ஏரியருகே உள்ளது. 'தம்பி' என்று அழைக்கப்படும் அவ்வீரரை அணிவகுப்பில் பிரித்துக் காட்டுவது அவர்தம் தனிவகைத் தொப்பியே.

இவ்வாண்டு நம் வீட்டுக் கொலுவுக்கு ஒரு வேலூர்ச் சிப்பாயைச் செய்யத் துணிந்தோம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வீரனின் இரும்புத் தொப்பியைச் சீவினோம். பசை தோய்த்த நூலைச் சுற்றித் தலைப்பாகையாக்கினோம். மேற்சட்டைக்குச் செந்நிறம் தீட்டினோம். நீண்ட காற்சட்டையை முழங்காலுக்கு மேல் குட்டையாக்கினோம். தோற்சின்னத்தை வைப்பதா, விடுவதா என்ற கேள்வி எழுந்தது. வைத்தால், அவன் உயிர் கொடுத்து மறுத்ததை நாமே அவன் தலையில் ஏற்றியவராவோம். ஆகவே சின்னத்தை விடுத்து, நெற்றியில் மெல்லிய தூரிகையால் நாமம் இட்டோம்.

குழந்தை கேட்டால் சொல்ல இப்போது நம்மிடம் விடை இருக்கிறது.