நீர்வேலிக்கு எத்தனை எழுத்து? நிரலாளர் பகிடிகளும் அம்மம்மாவின் அட்டையும்

கணினி படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதல் மாதங்களிலேயே ஒரு பயிற்சி தருவார்கள். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டும் சின்ன நிரல். ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் கடைசி எழுத்து முதலில் வந்து ஒழுங்காக நிற்கும். நான் பைத்தன் மொழியில் அதை எழுதிவிட்டு எங்கள் ஊரின் பெயரைக் கொடுத்தேன். 'நீர்வேலி' என்று போட்டதற்கு '◌ிலேவ்ரீந' என்று வந்தது. முன்னால் ஒரு புள்ளி வட்டம், அதில் 'லி'யிலிருந்து கழன்று வந்த இகரக் குறி. மிச்சம் எந்த மொழி என்றே தெரியவில்லை.

விறாந்தையில் இருந்து நான் தனியாகச் சிரிப்பதைக் கண்டு அம்மம்மா, "என்னடா தம்பி, விசர் பிடிச்சிட்டுதோ?" என்றா. விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் ஆனது. விளங்கிய பிறகும் அவ சிரிக்கவில்லை. "ஊரின்ர பேரைக்கூட எழுதத் தெரியாத சாமானுக்கோ இவ்வளவு காசு குடுத்தனீ?" என்று மட்டும் கேட்டா.

நிரலாளர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் பகிடிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. கணினி சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. அவர்களிடையே பழகிப்போன பகிடி ஒன்றை எங்கள் ஊருக்கு ஏற்றமாதிரிச் சொல்கிறேன். மனைவி கணவனிடம், "கடைக்குப் போய் ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ, முட்டை இருந்தால் ஆறு வாங்கோ" என்று சொல்லிவிடுகிறாள். நிரலாளனான கணவன் ஆறு றாத்தல் பாணோடு வருகிறான். ஏன் என்று கேட்டால், "முட்டை இருந்தது" என்கிறான். கேட்டவர்களில் பாதிப்பேர் உடனே சிரிப்பார்கள், மற்றப் பாதி கணவனுக்குச் சுகமில்லையோ என்று பார்ப்பார்கள்.

இந்த வகைச் சிரிப்புக்கு வயது அதிகம். 1947 செப்டெம்பர் 9 அன்று, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட மார்க் 2 என்ற கணினியின் ரிலே ஒன்றுக்குள் ஒரு அந்துப்பூச்சி அகப்பட்டிருந்தது. வேலை செய்தவர்கள் அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, உண்மையாகவே பூச்சி ஒன்று பிடிபட்ட முதல் சம்பவம் என்று பக்கத்தில் எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவேடு இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'பூச்சி' என்ற சொல் அன்றுதான் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது பிழை. இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலத்திலேயே இருந்தது. அது பழைய சொல் என்பதால்தான் 'உண்மையாகவே' என்று எழுதியது பகிடியாகிறது.

தமிழில் இந்தப் பகிடி செத்துவிடும். எங்கள் கலைச்சொல்லாக்கக்காரர்கள் பூச்சியை விட்டுவிட்டு 'வழு' என்ற இலக்கணச் சொல்லை எடுத்தார்கள். திணை வழு, பால் வழு என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே வழு. நல்ல தெரிவு என்று இப்போது நினைக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இணையம் எப்படி இயங்க வேண்டும் என்று வரையறுக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். வாசித்தால் நித்திரை வரும் ஆவணங்கள். ஆனால் ஏப்ரல் 1 ஆம் திகதி வருபவற்றைக் கவனித்து வாசிக்க வேண்டும். 1990 இல் வந்த 1149 ஆம் ஆவணம், இணையத் தரவைப் புறாவின் காலில் கட்டி அனுப்பும் முறையை முழுத் தொழில்நுட்ப மொழியில் வரையறுத்தது. 2001 இல் நோர்வேயின் பேர்கன் நகர லினக்ஸ் குழுவினர் அதை உண்மையாகவே செய்து பார்த்தார்கள். ஒன்பது பொதிகள் போயின, நாலுக்குப் பதில் வந்தது. மிக வேகமாக வந்த பதிலுக்கே ஐம்பது நிமிடத்துக்கு மேல் பிடித்தது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற கிழமையில் இதை நண்பர்களுக்குச் சொன்னேன். "ஒன்பதில நாலோ, பரவாயில்லையே" என்றான் ஒருவன்.

1998 இல் கோப்பி இயந்திரங்களை இணையவழி இயக்கும் விதிமுறை என்று ஒன்று வந்தது. தேநீர்க் கேத்திலிடம் கோப்பி போடச் சொன்னால் அது 418 என்ற பிழை எண்ணைத் தந்து 'நான் ஒரு கேத்தில்' என்று மறுக்க வேண்டுமாம். 2017 இல் இந்த எண்ணை நீக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது நிரலாளர்கள் சண்டைக்கே வந்தார்கள். 2022 இல் வெளியான அதிகாரபூர்வ ஆவணம் அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒரு பகிடிக்காக உலக இணையத்தில் ஒரு எண் காலியாகக் கிடக்கிறது.

இதையெல்லாம் முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வேலையில், வேறு வேறு நாட்டிலிருந்து வேலை செய்யும் குழுவின் உரையாடலில் யாரோ கேத்தில் படம் போட்டார்கள். எல்லோரும் சிரிப்புக்குறி போட்டார்கள். நானும் போட்டேன். இரவில் தேடி வாசித்த பிறகுதான் எதற்குச் சிரித்தேன் என்று தெரிந்தது. இந்தப் பகிடிகளைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது.

1999 இல் வந்த 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' என்ற புத்தகம் பிரபலமாக்கிய ஒரு வழக்கமும் உண்டு. நிரலில் வழு பிடிபடாவிட்டால் மேசையில் ஒரு றப்பர் தாராவை வைத்து, வரி வரியாக அதற்கு விளங்கப்படுத்த வேண்டும். சொல்லும்போதே பிழை எங்கே என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் றப்பர் தாரா இல்லை, அம்மம்மா இருக்கிறா. தாராவைவிட இது கஷ்டம். அவ திருப்பிக் கேள்வி கேட்பா.

அன்றைக்கும் கேட்டா. "நீர்வேலியில நாலு எழுத்துத்தானே? நீ, ர், வே, லி. அதை ஏன் உடைச்சது?" அதற்குப் பதில் சொல்ல முற்றத்து வாழைக்குலைதான் உதவியது. எங்கள் ஊர்ச் செம்மண்ணில் வாழை இல்லாத வளவு குறைவு. குலையை ஒருவர் ஒன்று என்பார், ஒருவர் சீப்பை எண்ணுவார், ஒருவர் காயை எண்ணுவார். மூவரும் சரி. என்ன எண்ணுகிறோம் என்று முதலில் கதைத்துக்கொள்ளாவிட்டால் விலையில் சண்டை வரும்.

கணினியில் தமிழ் இப்படித்தான் இருக்கிறது. 1991 இல் வெளியான யூனிகோட், இந்தியாவின் இஸ்கி முறையைப் பின்பற்றி, தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்காமல், மெய்யை அகரத்தோடு ஒரு குறியாகவும் கால், கொம்பு, புள்ளி போன்றவற்றைத் தனிக் குறிகளாகவும் வைத்தது. ஆகவே 'நீ' என்பது 'ந' ஒன்று, ஈகாரக் குறி ஒன்று. 'ர்' என்பது 'ர' ஒன்று, புள்ளி ஒன்று. நீர்வேலியின் நீளம் என்ன என்று பைத்தனிடமும் ஜாவாஸ்கிரிப்டிடமும் கேட்டால் 8 என்கின்றன. கோ மொழியிடம் கேட்டால் 24, ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். ஸ்விஃப்ட் மொழி மட்டும் 4 என்று சரியாகச் சொல்கிறது. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த ஓப்பன்-தமிழ் என்ற திறந்தமூல நிரலகத்தில் எழுத்துகளாகப் பிரிக்கவும் எழுத்துப்படி திருப்பவும் வசதி இருக்கிறது. அதில் போட்டால் 'லிவேர்நீ' என்று மரியாதையாக வரும்.

எங்களுக்கு இதற்கு முந்திய பகிடியும் ஒன்று உண்டு. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் பாமினியில் அடித்த ஆவணத்தைத் திறந்தால் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். யாழ்ப்பாணத்து அச்சகங்களில் அதையே பார்த்து வாசிக்கக்கூடிய ஆட்கள் இருந்தார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை.

இனி அட்டை. அம்மம்மாவின் பெயரை இங்கே பரமேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். மருந்து எடுக்கப் புதிதாக ஒரு அட்டை அடித்துக் கொடுத்தார்கள். எங்கே என்பது வேண்டாம். அதில் பெயர் 'பரமேஸ்' என்று இருந்தது. பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அடுத்த முறை மருந்து எடுக்கப் போனபோது, இது ஆம்பிளையின்ர அட்டை, உங்கட அட்டையைக் கொண்டு வாங்கோ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் பஸ்ஸில் போய் வந்த எண்பது வயதுக்காரி. அன்றைக்கு மருந்து இல்லை.

அட்டையைக் கண்டதும் எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது. பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். பரமேஸ்வரி ஆறு எழுத்து, ஒன்பது குறி, 27 பைட். 18 பைட்டில் 'பரமேஸ்' முடிகிறது. மிச்சம் இரண்டு பைட்டுக்குள் 'வ' அடங்காமல் பாதியில் அறுந்து கேள்விக்குறியாகிவிட்டது. தமிழ் வாத்தியாரிடம் காட்டினால் பால் வழு என்று சொல்லியிருப்பார். மென்பொருள்காரரும் வழு என்றுதான் சொல்வார். இருவருக்கும் ஒரே சொல் கிடைத்த வேறு இடம் எனக்குத் தெரியாது. நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மம்மா அடுத்த அறையில் குளிசை இல்லாமல் இருந்தா.

உலகம் இந்த வழுவைக் கவனித்தது எங்களால் அல்ல, எமோஜியால். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்ப எமோஜியின் நீளம் ஜாவாஸ்கிரிப்டில் 11 என்று கண்டபோது ஆங்கிலம் மட்டும் எழுதியவர்களும் திகைத்தார்கள். அதன் பிறகு கட்டுரைகள், திருத்தங்கள் எல்லாம் வேகமாக வந்தன. 2018 பெப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துச் சேர்க்கை ஐபோன் செயலிகளை முடக்கியது. பலர் அதை ஒருவருக்கொருவர் அனுப்பிச் சேட்டை விட்டார்கள். அப்பிள் நிறுவனம் சில நாட்களில் திருத்தியது. தங்கள் மொழியை எழுதினால் தொலைபேசி செத்துப்போகும் என்ற நிலையில் இருந்த தெலுங்குக்காரருக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன்.

அட்டையைத் திருத்த அம்மம்மாவோடு நானும் போனேன். எந்த இடத்தில் எத்தனை பைட் கூட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொண்டுபோனேன். மேசையில் இருந்த தங்கச்சி பொறுமையாகக் கேட்டா. தனக்கு அதில் கை வைக்க அனுமதி இல்லை, ஆனால் ஒரு வழி இருக்கிறது என்றா. ஐந்து நிமிடத்தில் புது அட்டை வந்தது. பெயர் முழுதாக இருந்தது, ஆங்கிலத்தில். பதினொரு எழுத்து, பதினொரு பைட்.

அம்மம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினா. "இதில என்ர பேர் எங்கயடா இருக்கு?"