கானமயிலும் வான்கோழியும்

மூதுரை பயின்ற தமிழ்மக்கள் கானமயிலையும் வான்கோழியையும் ஒரே வெண்பாவில் கண்டிருப்பர். ஆண்டுக் கூறப்பெற்ற கானமயில் காட்டு மயிலே. இந்நாளில் அப்பெயர் தக்காணப் புல்வெளிகளில் வாழ்ந்த வேறொரு பெரும்பறவைக்கு வழங்குகிறது. வான்கோழியோ அமெரிக்கக் காடுகளுக்கு உரியது. இவ்விரு பறவைகளும் துப்பாக்கியின்முன் பட்ட பாட்டை ஈண்டு நோக்குவோம். நாம் வேட்டையாடி அறியோம். இரயில்வேக் கணக்கேடுகளோடு காலங்கழிப்போம். எனினும் வரவு செலவு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுவும் ஒரு கணக்கே.

வான்கோழி வேட்டைக்கு அமெரிக்கர் பெரிதும் தெரிவது பன்னிரண்டு போர் ரவைத் துப்பாக்கி. குழலின் உள்ளளவுக்கு வார்த்த ஈயக்குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்து ஒரு பவுண்டு நிறுக்குமாயின் அஃது அப்பெயர் பெறும். ரவைகள் அகலச் சிதறாது பறவையின் தலையிலும் கழுத்திலும் படவேண்டும். ஆதலின் வாய் ஒடுங்கிய குழலைத் தேர்வர். 1897இல் வெளிவந்த வின்செஸ்டர் பம்ப் துப்பாக்கியில் முன்பிடியைப் பின்னிழுத்து முன்தள்ளினால் வெற்றுத் தோட்டா வெளியேறும். அடுத்தது குழலில் ஏறும். இத்தகைய விரைவும், காடழிப்பும், கட்டற்ற வேட்டையும் நிலவிய நாட்டில் வான்கோழி பல மாநிலங்களில் அறவே மறைந்தது.

பின்னர் அந்நாட்டார் விழித்துக்கொண்டனர். 1935இல் வலசைப் பறவைகளை வேட்டையாடுவோரின் துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்குமேல் கொள்ளாதவாறு அடைப்பு வைக்க விதித்தனர். 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால் துப்பாக்கி, தோட்டா இவற்றின்மீதான வரியை வனவிலங்குக் காப்புக்கே ஒதுக்கினர். எஞ்சிய வான்கோழிகளை வலையிற் பிடித்து, அவை அற்றுப்போன காடுகளில் விட்டனர். இன்று அங்கே அவை இலட்சக்கணக்கில் உள்ளன. பருவமும் எண்ணிக்கையும் வரையறுத்தே வேட்டை நடக்கிறது.

இனி நம் தக்காணத்தைக் காண்போம். நிசாம் நாட்டின் எல்லையை ஒட்டியிருந்த அகமதுநகர் மாவட்டத்தில், 1809 முதல் 1829 வரை மான்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் ஒருவரே 961 கானமயில்களைச் சுட்டு வீழ்த்தியதாகப் பதிவுண்டு. அக்காலத்தில் பம்ப் துப்பாக்கி ஏது? குழல்வாய் வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கிட்டித்த துப்பாக்கிகளே இருந்தன. துப்பாக்கி மெல்லச் சுட்டது, கைதான் நிற்கவில்லை. கானமயில் பெரும்பாலும் ஒரு முட்டையே தரையில் இடும் பறவை. அதன் வரவு சிறிது, செலவோ பெரிது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உயரிய காப்பு அளித்தது. கர்நூல் மாவட்டத்து ரோலபாடில் 1988இல் சரணாலயமும் அமைந்தது. ஆயினும் புல்வெளிகள் சுருங்கின. மின்கம்பிகளில் மோதியும் பறவைகள் மாண்டன. இன்று நாடெங்கும் எஞ்சியவை ஏறத்தாழ நூற்றைம்பதே. அவற்றுட் பெரும்பாலானவை இராசத்தானத்தில் உள்ளன.

எனவே, எத்துப்பாக்கி சிறந்தது என்னும் வினாவினும், எவ்விடத்து நிறுத்துவது என்னும் வினாவே பெரிது. விரைந்து சுடும் கருவியைக் கையில் வைத்தும் அடைப்பிட்டோர் தம் பறவையைக் காத்தனர். மெல்லச் சுடும் கருவியே இருந்தும் அளவறியாதார் நம் பறவையை இழக்கச் செய்தனர்.

நம் நகரின் வனஸ்தலிபுரத்தில் நிசாமின் வேட்டைக்காடாயிருந்த இடம் 1975இல் மான்கள் வாழும் சரணாலயமாயிற்று. அன்பர்கள் ஒரு ஞாயிறன்று தம் மக்களை ஆண்டு அழைத்துச் செல்வாராக. அங்கே மேயும் வெளிமான்களைக் காட்டி, கானமயிலின் கதையையும் சொல்வாராக.