தாத்தாவைக் கப்பலேற்ற நிதி இருந்தது. பேத்தியைப் படிக்க அனுப்ப?

வெளிநாட்டில் போய்ப் படிப்பது என்ற பேச்சு எழுந்ததும் தோட்டத்து வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். எந்தப் பல்கலைக்கழகம், என்ன பாடம், முடித்தால் என்ன வேலை என்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகே வருகின்றன. பல வீடுகளில் அந்த முதல் கேள்வியோடு பேச்சே முடிந்துவிடுவதும் உண்டு.

இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. லிங்கி, லாபு, ரந்தாவ், சுவா பெத்தோங், பகாவ் என்று நெகிரி செம்பிலான் முழுவதும் பரவிக் கிடந்த ரப்பர் தோட்டங்களின் வரலாற்றோடு அது பின்னிக் கிடக்கிறது. அந்த வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தமிழனைக் கடல் தாண்டி அழைத்து வருவதற்கு என்றே சட்டம் போட்டு ஒரு நிதி வைத்திருந்தார்கள். அவனுடைய பிள்ளை கடல் தாண்டிப் படிக்கப் போவதற்கு அப்படி ஒரு நிதி இருந்ததா?

வரவழைக்க ஒரு நிதி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு உலகச் சந்தையில் நல்ல விலை. காட்டை அழித்துக் கன்று நடவும், நட்ட மரத்தில் பால் வெட்டவும் ஆள் தேவைப்பட்டது. அப்போதுதான், 1907-ம் ஆண்டில், தமிழர் குடியேற்ற நிதி என்ற ஏற்பாடு சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது. பின்னர் அது இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் இந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். தனக்கு வேறு வழியில் ஆள் கிடைக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கங்காணிக்கான தரகு, ரயில் கட்டணம், நாகப்பட்டினம், ஆவடி முகாம்களில் தங்கும் செலவு, கப்பல் கட்டணம் எல்லாம் இந்த நிதியில் இருந்தே கொடுக்கப்பட்டன. திட்டமிட்டு, முன்கூட்டியே, எல்லோரிடமும் வசூலித்துச் சேர்த்த பணம் அது. 1938-ல் இந்திய அரசு இந்த ஆள் அனுப்பும் முறையைத் தடை செய்யும்வரை அந்த இயந்திரம் ஓடியது.

மலாயா சுதந்திரம் அடைந்த பிறகு, 1958-ல், எஞ்சிய பணத்தைக் கொண்டு தென்னிந்தியத் தொழிலாளர் நிதி அமைக்கப்பட்டது. அதுவும் 1999-ல் சட்டப்படி கலைக்கப்பட்டது. தோட்டத் தமிழர்களின் பெயரைச் சொல்லித் திரட்டிய பணம், அவர்களின் பெயர் தாங்கிய தனி நிதியாக அதன் பிறகு இல்லை.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி

கல்விக்கு என்ன செய்தார்கள்? 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. ஆனால் எப்படிப்பட்ட பள்ளிகள்? லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை, பல வகுப்புகளுக்கு ஒரே ஆசிரியர். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பாடம் சொன்ன இடங்களும் உண்டு. துரைமார் எதிர்பார்த்தது பெரட்டில் பெயர் கூப்பிட்டால் வந்து நிற்கும் அடுத்த தலைமுறைத் தொழிலாளியைத்தான்.

பல்கலைக்கழகத்தின் வாசல் ஆங்கிலப் பள்ளியின் வழியாகத்தான் திறந்தது. அந்தப் பள்ளிகளோ சிரம்பான் போன்ற பட்டணங்களில் இருந்தன. அங்கே போகப் பஸ் கட்டணம், சீருடை, புத்தகம், பள்ளிச் சம்பளம் எல்லாம் வேண்டும். எனவே தோட்டத்துப் பிள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்பின் செலவு, விமானச் சீட்டு வாங்கும் நாளில் தொடங்கவில்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துப் பள்ளிக்குப் பஸ் ஏறிய அன்றே அது தொடங்கிவிட்டது.

அதே கப்பல், எதிர்த் திசையில்

ரஜூலா கப்பலை அறியாத மூத்த தலைமுறை இல்லை. 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தொழிலாளியைக் கொண்டுவந்து இறக்கிய கப்பல்கள், திரும்பும்போது மாணவர்களையும் ஏற்றிச் சென்றன. சென்னைக் கல்லூரிகளுக்கும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் மலாயா மாணவர்கள் போனார்கள். பின்னாளில் ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கிய துன் வீ.தி. சம்பந்தன் அண்ணாமலையில் படித்தவர்தான். ரஜூலாவுக்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல் தீ விபத்துக்கு உள்ளானதோடு அந்தப் பயணிகள் சேவையும் நின்றது.

ஆனால் சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் வசதியான குடும்பத்துப் பிள்ளை. பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்கு யார் பணம் கொடுப்பார்கள்? அம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும். அதுவும் போதாவிட்டால் கூட்டு கட்டுவார்கள். மாதா மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, மொத்தத்தையும் ஒருவர் எடுக்கும் அந்த முறைதான் லயத்து மக்களின் வங்கி. நம்பிக்கை ஒன்றுதான் அதற்குப் பத்திரம். பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்களும் இருந்தார்கள். கடைசியில் 1971-ல் கூட்டு நடத்துவதைத் தடை செய்யும் சட்டமே வந்தது.

பெண் பிள்ளைகளுக்கு வேறொரு வழி திறந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் 1960-களிலும் 70-களிலும் தாதிப் பயிற்சிக்கு வெளிநாட்டுப் பெண்களை எடுத்தன. அங்கே கட்டணம் கட்டத் தேவையில்லை. பயிற்சிக் காலத்திலேயே படி கொடுத்தார்கள். வழிச்செலவைச் சமாளித்தால் போதும். ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த மலேசியப் பெண்கள் பலர் இந்த வழியில் போனார்கள். பட்டப்படிப்பு இல்லைதான். ஆனாலும் அந்தப் பெண் அனுப்பிய பணத்தில் தம்பி, தங்கை படித்தார்கள் என்றால், அதுவும் கல்வி நிதிதான்.

பத்து வெள்ளியின் பலம்

தனி ஆளாய் முடியாததைச் சேர்ந்து செய்யலாம் என்று காட்டிய இரண்டு முயற்சிகளை இங்கே நினைக்க வேண்டும்.

ஒன்று தொழிற்சங்கம். போருக்குப் பின் நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய பி.பி. நாராயணன், 1954-ல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1962-ல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. கூலி உயர்வு கேட்டுப் போராடிய சங்கம், உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் வழங்கியது.

மற்றொன்று கூட்டுறவு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அப்போது 1960-ல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் அவர் சேர்த்த அந்தப் பத்து வெள்ளிகள், 1961-ல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தையே விலைக்கு வாங்கின. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் அந்தச் சங்கத்தின் பணிகளில் ஒன்றானது. தோட்டத்தையே வாங்க முடிந்த மாதம் பத்து வெள்ளிக்கு, ஒரு பட்டதாரியை உருவாக்கவா முடியாது?

பிற்காலத்தில் 1984-ல் ம.இ.கா.வின் கல்விக் கரமாக எம்.ஐ.இ.டி. உருவாகி மாணவர்களுக்குக் கல்விக் கடன் வழங்கியது. அதன் முயற்சியில் 2001-ல் கெடாவில் எய்ம்ஸ்ட் தொடங்கப்பட்டது. பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார்படுத்த 1982-ல் எம். தம்பிராஜாவின் தலைமையில் ஸ்ரீ முருகன் நிலையம் வந்தது. கடனோ உபகாரச் சம்பளமோ கேட்டுப் போகிறவன் கையில் நல்ல மதிப்பெண் இருக்க வேண்டும் அல்லவா?

பவுண்டு ஏறினால் லயத்தில் இடி

வெளிநாட்டுப் படிப்பின் விலையை நிர்ணயிப்பவர்கள் வேறு நாட்டில் இருக்கிறார்கள். 1967-ல் பிரிட்டன் முதல்முறையாக வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் விதித்தது. உள்நாட்டு மாணவனுக்கு 70 பவுண்டு என்றால், வெளிநாட்டு மாணவனுக்கு 250 பவுண்டு. அப்போதைய மாற்று விகிதப்படி அது 2,100 வெள்ளிக்கு மேல். நாட்கூலி மூன்று வெள்ளி என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். ஒருவன் சாப்பிடாமல் கொள்ளாமல் 700 நாட்களுக்கு மேல் பால் வெட்டினால்தான் ஓராண்டுக் கட்டணம் சேரும்!

1980-ல் தாட்சர் அரசு, வெளிநாட்டு மாணவர்கள் முழுச் செலவையும் தாங்களே ஏற்க வேண்டும் என்றது. கலைப் பாடங்களுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு, அறிவியலுக்கு 3,000, மருத்துவத்தின் பிற்பகுதிக்கு 5,000. பவுண்டு அன்று ஏறத்தாழ ஐந்து ரிங்கிட். மறு ஆண்டில், பிரிட்டிஷ் பொருட்களைக் கடைசியாக வாங்குவோம் என்று மகாதீர் அரசு அறிவித்ததற்கு இந்தக் கட்டண உயர்வும் ஒரு காரணம். அதே 1981-ல்தான், நெகிரி செம்பிலானிலும் தோட்டங்கள் வைத்திருந்த கத்ரி நிறுவனத்தை மலேசியா லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கைப்பற்றியது. தோட்டம் மலேசியர் கைக்கு வந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு லண்டன் மேலும் தூரமானது.

அடுத்த இடி 1997-ல் விழுந்தது. இரண்டரை ரிங்கிட்டாக இருந்த அமெரிக்க டாலர், 1998 ஜனவரியில் ஐந்து ரிங்கிட்டை நெருங்கியது. செப்டம்பரில் அரசு அதை 3.80 என்று நிறுத்தியது. பத்தாயிரம் டாலர் கட்டணத்துக்கு 25,000 ரிங்கிட் சேர்த்து வைத்திருந்த தகப்பன், விகிதம் நிலைபெற்ற பிறகும் 38,000 ரிங்கிட் கொண்டுவர வேண்டியிருந்தது. படிப்பு அதேதான், பிள்ளையும் அதே பிள்ளைதான்!

இதற்கு மாற்றாக வந்ததே பாதி இங்கே, பாதி அங்கே என்ற இரட்டைப் படிப்பு முறை. 1996-ன் தனியார் உயர்கல்விச் சட்டம் அதற்கு வேகம் கொடுத்தது. 1997-ல் தொடங்கிய மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியில் பாதிப் படிப்பு கர்நாடகத்தில், மீதி மலேசியாவில் என்று இருந்தது. நீலாயிலும் சிரம்பானிலும் தனியார் கல்லூரி வளாகங்கள் எழுந்தன.

பட்டம் செல்லுமா?

பணம் கட்டினால் மட்டும் போதுமா? 1971-ன் மருத்துவச் சட்டத்தில், எந்த நாட்டின் எந்தப் பல்கலைக்கழகப் பட்டத்தை மலேசியா ஏற்கும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத இடத்தில் படித்து வந்தவர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். உக்ரைனின் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மலேசிய இந்திய மாணவர்கள் பலர் படித்தார்கள். 2005-ல் புதிதாகச் சேருவோருக்கு அதன் அங்கீகாரம் விலக்கப்பட்டபோது சமூகமே கொதித்தது. அங்கீகாரம் என்பது ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடும் விஷயம் அல்ல என்பதைப் பெற்றோர் அன்று கற்றார்கள்.

வீடா, படிப்பா?

தோட்டக் குடும்பத்தின் கைக்குப் பெரிய தொகை வரும் தருணங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, 1951-ல் தொடங்கிய ஊழியர் சேமநிதி. மற்றொன்று, தோட்டம் மூடும்போது கிடைக்கும் ஆள்குறைப்பு இழப்பீடு. 1980-ம் ஆண்டு விதிப்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இருபத்தைந்து ஆண்டு உழைத்தவருக்கு 500 நாள் சம்பளம். நாளுக்கு 20 ரிங்கிட் என்றால் பத்தாயிரம் ரிங்கிட்.

நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் ரப்பர், செம்பனை நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, இந்தத் தொகை பல குடும்பங்களின் கைக்கு வந்தது. ஆனால் அதே நாளில் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமும் வந்தது. பத்தாயிரத்தை வீட்டுக்கு முன்பணமாகக் கட்டுவதா, மகளின் படிப்புக்குக் கட்டுவதா? எந்தப் பதிலும் முழுச் சரியில்லை. வீட்டைத் தேர்ந்தவர்களைக் கல்வியின் அருமை தெரியாதவர்கள் என்று பேசுவது எவ்வளவு அநியாயம்!

வரலாறு சொல்லும் வழி

முதலாவது, கல்வி நிதி முதல் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு சேர்க்கத் தொடங்குவது, வெள்ளம் வந்த பின் அணை கட்டுவது போன்றது. இரண்டாவது, கட்டண ரசீதுக்கு முன்னால் அங்கீகாரப் பட்டியலைப் பார்க்க வேண்டும். நாணயம் ஏறினால் தாங்க ஒரு பங்கு பணத்தைத் தனியே ஒதுக்க வேண்டும். மூன்றாவது, கேட்க வேண்டிய இடங்களில் கேட்க வேண்டும். சேமநிதியில் இருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்க வழி உண்டு. இந்திய அரசு 2006-ல் தொடங்கிய வம்சாவளிப் பிள்ளைகளுக்கான உபகாரச் சம்பளத் திட்டம் போன்ற வாசல்களும் உண்டு. நான்காவது, சேமநிதி முழுவதையும் ஒரு பிள்ளையின் மேல் கொட்டிவிட்டு, பெற்றோர் முதுமையில் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

ஆயினும் இவை எல்லாம் தனிக் குடும்பத்தின் கெட்டிக்காரத்தனம். அதற்கு ஓர் எல்லை உண்டு. 1907-ல் துரைமார் அறிந்திருந்த உண்மை எளிமையானது. கடல் தாண்டும் செலவைத் தனி ஆளின் தலையில் வைத்தால் யாரும் வர மாட்டார்கள்; எல்லோரும் சேர்ந்து முன்கூட்டியே போட்டால் கப்பல் நிறையும். 1960-ல் சம்பந்தன் அதே உண்மையைத் தொழிலாளிகளின் பக்கத்துக்குத் திருப்பிக் காட்டினார்.

ரப்பருக்காகத் தாத்தாவை அழைத்து வர முதலாளிகள் ஒன்றுசேர்ந்து நிதி போட்டார்கள். படிப்புக்காகப் பேத்தியை அனுப்பி வைக்க யார் ஒன்றுசேரப் போகிறார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் லயத்தில் இருந்து முதலில் படித்து வெளியேறியவர்கள்தான்.